ஜப்பானில் பண்டிகை ஒரு நாள், விடுமுறை வேறொரு நாள்: காரணம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்

தோவாளைப் பூக்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தோவாளையில் பரம்பரையாகப் பூ வியாபாரம் செய்துவருகிற குடும்பம். என் மகள் ஜப்பானிய மொழித் தேர்வில் தேறி, ஒன்றரை ஆண்டுகளாக ஒசாக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை பார்க்கிறாள். அவளுடைய விடுமுறை தொடர்பாகச் சென்ற ஆண்டு நாங்கள் பட்ட பாட்டினால்தான் இந்தக் கேள்வியை இங்கே எழுதுகிறேன்.

என் மாமனார் மறைந்து ஓராண்டு நிறைவு ஆகஸ்டு மாதத்தில் வந்தது. ஜப்பானில் ஆகஸ்டு 13 முதல் 16 வரை ஓபோன் என்ற பண்டிகை நடைபெறும் என்றும், இறந்துபோன முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போகிற நாள்கள் அவை என்று அங்கே நம்புவதால் நாடு முழுவதும் அரசு விடுமுறை இருக்கும் என்றும் பயண முகவர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். அதை நம்பிப் பயணச்சீட்டு எடுத்துவிட்டோம். மகள் விடுப்புக் கேட்டபோதுதான், அந்த நான்கு நாள்களில் ஒன்றுகூட அரசு விடுமுறைப் பட்டியலில் இல்லை என்பதும், பணிமுறை அட்டவணை ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்பதும் தெரியவந்தன. பயணச்சீட்டுக்குக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. தாத்தாவின் திதிக்குப் பேத்தி வர இயலாமல் போனது அதைவிடப் பெரிய வருத்தம்.

இவ்வளவு பெரிய பண்டிகைக்கு விடுமுறை இல்லாதபோது, மே மாதத் தொடக்கத்தில் தொடர்ந்து பல நாள்கள் விடுமுறை விடுவது ஏன்? கிழக்கு நாடான ஜப்பானில் புத்தாண்டு எப்படி ஜனவரி 1ஆம் தேதி வருகிறது? சீனர்களைப்போல நிலவைக் கணக்கிட்டு அவர்கள் புத்தாண்டு கொண்டாடுவதில்லையா?

இவற்றோடு, பூ வியாபாரி என்ற முறையில் எனக்கு வேறொரு சந்தேகமும் இருக்கிறது. மார்ச் 3ஆம் தேதி பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருவிழா என்று சொல்லி, முதியோர் இல்லத்தின் முகப்பில் சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசனும் அரசியுமாகப் பொம்மைகளை வைத்திருந்ததை மகள் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நம் நவராத்திரிக் கொலுவைப் பார்ப்பதுபோலவே இருந்தது. பக்கத்தில் பீச் மரக் கிளைகள் பூத்த நிலையில் ஜாடியில் இருந்தன. அந்தப் பண்டிகைக்கே பீச் மலர்த் திருவிழா என்று இன்னொரு பெயர் உண்டாம். ஆனால் அவள் தங்கியிருக்கும் தெருவில் நிற்கிற பீச் மரத்தில் அன்றைக்கு மொட்டு மட்டுமே இருந்ததாம். கடைக்கு வந்தவை சூடான அறையில் வைத்து முன்கூட்டிப் பூக்கவைத்த கிளைகள் என்று பூக்கடைக்காரர் சொன்னாராம். பூக்காத காலத்தில் யாரும் பூவுக்குத் திருவிழா வைப்பார்களா? அங்கே வாழ்ந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வேளிமலை அடிவாரம் எழுதியது:

அக்கா, வணக்கம். நான் கியோத்தோ நகரில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது குமாரகோவில் பக்கம் ஊரோடு வந்து தங்கிவிட்டேன். நீங்கள் கடைசியாகக் கேட்ட பூக் கேள்வியில்தான் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இருக்கிறது. பூ தன் காலத்தில்தான் பூக்கிறது. பண்டிகையைத்தான் இடம் மாற்றிவிட்டார்கள்.

ஜப்பானியர்கள் நெடுங்காலம் நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடுகிற சீன முறை நாட்காட்டியையே பயன்படுத்திவந்தார்கள். அந்தக் கணக்கில் அமாவாசையோடு மாதம் தொடங்கும். 15ஆம் நாளை ஒட்டிப் பௌர்ணமி வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பதின்மூன்றாவதாக ஒரு மாதம் சேரும். மெய்ஜி பேரரசரின் அரசு 1872ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு மாத அவகாசம்கூடத் தராமல், மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறுவதாக அறிவித்தது. அதன்படி பழைய கணக்கில் பன்னிரண்டாம் மாதத்தின் இரண்டாம் நாளுக்கு அடுத்த நாளே 1873 ஜனவரி 1 ஆகிவிட்டது. அந்த ஆண்டின் கடைசி மாதம் இரண்டே நாள்களில் முடிந்துபோனது. மறு ஆண்டு பதின்மூன்று மாதம் வரவேண்டிய ஆண்டாக இருந்ததால், அரசு ஊழியர்களுக்குக் கூடுதலாகத் தரவேண்டிய சம்பளமும் அரசுக்கு மிச்சமாயிற்று.

நம் குமரி மாவட்டத்தில் 1956க்கு முந்தைய நிலப் பத்திரம் எதை எடுத்தாலும் அதில் கொல்லம் ஆண்டும் மாதமும் எழுதியிருக்கும். நாமும் பின்னர் ஆங்கிலத் தேதிக்கு மாறினோம். ஆனால் திருவோணத்தையோ தைப்பூசத்தையோ யாரும் ஆங்கிலத் தேதியில் நிறுத்திவைக்கவில்லை. அவை அவற்றுக்குரிய நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வருகின்றன. ஜப்பானியர்கள் செய்தது வேறு. மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் என்றிருந்த பண்டிகையை அப்படியே எடுத்து மார்ச் 3இல் வைத்துவிட்டார்கள். பழைய கணக்கில் அந்த நாள் பெரும்பாலும் ஏப்ரலில் வரும். பீச் மரம் பூத்துக் குலுங்குகிற காலம் அதுதான். உங்கள் மகள் பார்த்த மொட்டு சரியான நேரத்தில்தான் இருந்தது.

பழங்காலத்தில் அங்கே அரண்மனையும் மக்களும் சேர்ந்து போற்றிய பருவப் பண்டிகைகள் ஐந்து. முதல் மாதம் ஏழாம் நாளைத் தவிர மற்றவை மாதமும் நாளும் ஒரே ஒற்றைப்படை எண்ணாக அமைந்தவை: 3/3, 5/5, 7/7, 9/9. ஒவ்வொன்றுக்கும் ஒரு செடியோ மரமோ உண்டு. முதலாவதற்கு ஏழு இளங்கீரைகள்; அவற்றைப் போட்டுக் கஞ்சி வைப்பார்கள். இரண்டாவதற்குப் பீச், நான்காவதற்கு மூங்கில், ஐந்தாவதற்குச் செவ்வந்தி. மே 5ஆம் தேதிக்கு உரிய செடியைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள்: அது வசம்பு. பச்சைக் குழந்தையின் கையில் நாம் வளையாகக் கட்டுகிற, பிள்ளை வளர்ப்பான் என்று பாட்டிமார் சொல்கிற அதே வசம்புதான். நாம் கிழங்கைப் பயன்படுத்துகிறோம். அவர்கள் வாளைப்போல நீண்ட அதன் பச்சை இலைகளைக் கட்டாகக் கட்டி, அன்று மாலை குளியல் தொட்டியின் வெந்நீரில் மிதக்கவிடுகிறார்கள். அந்த மணம் தீயவற்றை விரட்டும் என்பது நம்பிக்கை. நான் முதல்முறை அந்தக் குளியலறைக் கதவைத் திறந்தபோது, என் தங்கை பிறந்திருந்த நாள்களில் எங்கள் வீட்டில் இருந்த வாசனை வந்தது. சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். வசம்பைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லும் போர்வீரத்தைப் போற்றுதல் என்று பொருள்படும் சொல்லும் ஒலியில் ஒன்றுதான். ஆகவே அது ஆண் குழந்தைகளின் பண்டிகையாக வளர்ந்தது. வீட்டுக்கு வெளியே கம்பம் நட்டுத் துணியாலான கெண்டை மீன்களைப் பறக்கவிடுவதும் அந்த நாளுக்காகத்தான்.

ஜூலை 7ஆம் தேதி வருகிற தனபாட்டாவுக்குத்தான் இந்த மாற்றத்தால் மிகப் பெரிய இழப்பு. ஆகாய கங்கையின் இரு கரைகளிலும் பிரிந்து நிற்கிற நெசவுப் பெண்ணும் மாடு மேய்ப்பவனும் ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கிற இரவு அது. வானத்தில் அவர்கள் இரண்டு பிரகாசமான விண்மீன்கள். மக்கள் தங்கள் வேண்டுதல்களை வண்ணக் காகிதச் சீட்டில் எழுதி மூங்கில் கிளையில் கட்டுவார்கள். பழைய கணக்கில் அது ஆகஸ்டு மாதத்துத் தெளிந்த வானில் வரும். இப்போதோ நாட்டின் பெரும்பகுதியில் மழைக்காலத்தின் நடுவே வருகிறது. நான் இருந்த பதினோரு ஆண்டுகளில் அன்றிரவு விண்மீன்களைப் பார்த்தது இரண்டே முறை. செண்டாய் நகரத்தார் தனபாட்டாவை ஒரு மாதம் தள்ளி ஆகஸ்டு 6 முதல் 8 வரை நடத்துகிறார்கள். அது நல்ல முடிவு என்பதே என் கருத்து.

ஓபோன் பழைய கணக்கில் ஏழாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி வந்தது. நாட்காட்டி மாறியபின் தோக்கியோ நகரத்தார் அதை ஜூலை 15க்குக் கொண்டுபோனார்கள். உழவு வேலை மிகுந்த ஊர்களில் ஜூலையில் யாருக்கும் ஓய்வில்லாததால் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்டு 15ஐ மையமாக வைத்துக்கொண்டார்கள். ஒக்கினாவா தீவினர் இன்றும் நிலவைப் பார்த்துப் பழைய கணக்கிலேயே கொண்டாடுகிறார்கள். ஒரே பண்டிகை மூன்று காலங்களில் நடக்கிறது.

அரசு விடுமுறைக் கதை இதிலிருந்து முற்றிலும் தனியானது. இன்றைய பட்டியல் 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. இப்போது ஆண்டுக்கு 16 நாள்கள். போருக்குப் பிந்தைய அரசு, சமயச் சார்பான பெயர்களைத் தவிர்த்து, அரசியலமைப்பு நாள், பண்பாட்டு நாள், உழைப்புக்கு நன்றி கூறும் நாள் என்று பொதுப் பெயர்களில் அந்தப் பட்டியலை அமைத்தது. ஐந்து பருவப் பண்டிகைகளில் மே 5 மட்டுமே குழந்தைகள் நாள் என்ற பெயரில் அதில் இடம்பெற்றது. ஏப்ரல் 29, மே 3, 4, 5 ஆகியவை நெருங்கி நெருங்கி வருவதால் இடையிலுள்ள சனி, ஞாயிறுகளோடு சேர்ந்து ஒரு நீண்ட விடுமுறையாகிவிடுகிறது. அதற்குப் பின்னால் தனியாக ஒரு பெரிய பண்டிகை எதுவும் இல்லை. ஓபோனுக்கு நிறுவனங்கள் தாமாக விடுமுறை விடுவது வழக்கம். ஆகஸ்டு 11ஆம் தேதி மலை நாள் என்ற அரசு விடுமுறை 2016 முதல் இருக்கிறது. உங்கள் பயண முகவர் அதையும் ஓபோனையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கக்கூடும்.

முட்டம் கடலோரம் எழுதியது:

அக்கா, உங்கள் மகள் செய்கிற அதே வேலையைத்தான் நான் நாகசாக்கியில் நான்காவது ஆண்டாகச் செய்துவருகிறேன். முதியோர் இல்லங்களுக்கு அரசு விடுமுறையும் கிடையாது, பண்டிகை விடுமுறையும் கிடையாது. பாட்டிமாருக்கு ஆண்டின் எல்லா நாள்களிலும் ஆள் வேண்டும். ஓபோனிலும் புத்தாண்டிலும் ஜப்பானிய ஊழியர்கள் சொந்த ஊர் போக விரும்புவார்கள் என்பதால், வெளிநாட்டிலிருந்து வந்த நாங்கள் அந்த நாள்களில் நின்று வேலை செய்தால், பிறகு செப்டம்பர் இறுதியிலோ நவம்பரிலோ தொடர்ந்து பத்து நாள்கள் கேட்கும்போது மறுக்கமாட்டார்கள். விடுப்பை மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்து, ஒப்புதல் வந்தபிறகே பயணச்சீட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

ஓபோனைப் பற்றி நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஆகஸ்டு 13ஆம் தேதி காலையில் எங்கள் இல்லத்துப் பாட்டி ஒருவர் ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கத்தரிக்காயும் கேட்டார். சணல் தண்டை உடைத்து இரண்டிலும் நான்கு நான்கு கால்கள் செருகச் சொன்னார். வெள்ளரிக்காய் குதிரை, கத்தரிக்காய் மாடு. இறந்தவர்கள் விரைவாக வீடு வந்து சேரக் குதிரை. திரும்பிப் போகும்போது மனமில்லாமல் மெதுவாகப் போக மாடு. கத்தரிக்காயின் கால்கள் நான்கும் ஒரே உயரமாக இல்லாததால் அது சாய்ந்துகொண்டே இருந்தது. பாட்டி அதைக் கையில் வாங்கி, ஒரு காலை மட்டும் சற்று உள்ளே அழுத்தி நிமிர்த்திவைத்துவிட்டு, தன் கணவர் கனத்த உடம்புக்காரர் என்று சொன்னார்.

13ஆம் தேதி மாலை வாசலில் சிறு தீ மூட்டி வரவேற்பதும் 16ஆம் தேதி தீ மூட்டி வழியனுப்புவதும் பொதுவான முறை. நாகசாக்கியிலோ 15ஆம் தேதி மாலையே வழியனுப்பிவிடுகிறார்கள். அந்த ஓராண்டில் இறந்தவர் இருக்கிற வீட்டார், மூங்கிலாலும் பலகையாலும் படகு செய்து, விளக்குகளும் இறந்தவரின் படமும் வைத்துத் தெருவழியே இழுத்துப் போவார்கள். வழிநெடுகச் சரவெடி வெடிக்கும். காதை அடைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். துக்க நிகழ்ச்சியில் இவ்வளவு வெடியா என்று முதலாண்டில் திகைத்தேன். படகு செய்கிறவர்கள் அந்தச் சில வாரங்கள் முழுவதும் இறந்தவரைப் பற்றியே பேசிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தபிறகு எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குக் கல்லறையைக் கழுவி, வெள்ளை பூசி, பூவும் மெழுகுதிரியும் வைத்துவிட்டு இருட்டும்வரை குடும்பமாக உட்கார்ந்திருப்போமே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நாஞ்சில் நாட்டார் ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரிக் கடலிலும், விளவங்கோட்டுப் பக்கத்தார் வாவுபலிக்குக் குழித்துறை ஆற்றிலும் நிற்பதும் இதே எண்ணத்தோடுதான். ஓபோன் என்ற பெயரேகூட உல்லம்பனம் என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது என்று இங்குள்ள பௌத்த மடத்தில் சொன்னார்கள். புத்தருடைய சீடர் மௌத்கல்யாயனர், பசியால் வாடிக் கிடந்த தம் இறந்த தாயை மீட்ட கதைதான் அதன் அடிப்படை.

எங்களுக்கு இங்கே வேறொரு உறவும் இருக்கிறது. 1544இல் நம் கடற்கரை ஊர்களில் நடந்து போதித்த, கோட்டாற்றில் நாம் பெருவிழா எடுக்கிற சவேரியார்தான் 1549 ஆகஸ்டு 15இல் இதே கியூஷூ தீவின் ககோஷிமாவில் வந்து இறங்கினார். அந்தத் தேதியில் இங்கே படகு இழுக்கிற ஓசை கேட்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

பண்டிகை நாள்களில் வேலை செய்கிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு செய்திகளை உங்கள் மகளுக்காகச் சொல்கிறேன். பிப்ரவரி 3ஆம் தேதி வருகிற செட்சுபுன் அன்று, "பேய் வெளியே, நற்பேறு உள்ளே" என்று சொல்லி வறுத்த சோயா மொச்சையை வீசுவார்கள். அவரவர் வயது எத்தனையோ அத்தனை மொச்சை தின்பார்கள். அது வசந்தத் தொடக்கத்துக்கு முந்தைய நாள். சூரியனைக் கொண்டு கணக்கிடுவதால் 2021இலும் 2025இலும் 2ஆம் தேதியே வந்துவிட்டது. புத்தாண்டில் மொச்சி என்ற இடித்த அரிசிப் பண்டத்தைச் சூப்பில் போட்டு உண்பார்கள். இந்த இரண்டும் முதியவர்களுக்குத் தொண்டையில் அடைத்துவிடும். ஒவ்வொரு புத்தாண்டிலும் மொச்சியால் உயிரிழப்பு நேர்கிறது. எங்கள் இல்லத்தில் காகித உருண்டைகளை வீசுகிறோம். மொச்சிக்குப் பதிலாக மென்மையாக்கிய வேறு பண்டம் கொடுக்கிறோம். பாட்டி அன்போடு கேட்டாலும் உங்கள் மகள் தானாக எதையும் கொடுத்துவிட வேண்டாம்.

செட்சுபுன் அன்று சில வீடுகளில் முள் இலை மரக் கிளையில் சாளை மீன் தலையைக் குத்தி வாசலில் வைப்பார்கள். அந்த நாற்றத்துக்கும் முள்ளுக்கும் பேய் அஞ்சுமாம். சாளையைக் குழம்பு வைக்கவும் கருவாடு போடவும் மட்டுமே அறிந்த எனக்கு அது புதிதாக இருந்தது.

சுசீந்திரம் தேரடி எழுதியது:

ஒசாக்காவிலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் கியோத்தோ வந்துவிடும். உங்கள் மகளுக்கு ஒரே ஒரு நாள் ஓய்வு கிடைத்தாலும் அது ஜூலை 17ஆம் தேதியாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். கியோன் திருவிழாவின் தேரோட்டம் அன்றைக்குத்தான். எந்தக் கிழமையானாலும் தேதி மாறாது. நான் ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தபோது பார்த்தேன்.

869ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது, நாட்டில் அன்றிருந்த மாகாணங்களின் எண்ணிக்கைப்படி 66 ஈட்டிகளை நட்டு நோய் நீங்க வழிபட்டதிலிருந்து அந்த விழா தொடங்கியது. கியோன் என்ற பெயர் புத்தர் தங்கியிருந்த ஜேதவனத்தின் சீன வடிவத்திலிருந்து வந்தது. இன்று தேர்களின் பக்கங்களில் தொங்குகிற திரைகளிலும் விரிப்புகளிலும் பாரசீகத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பழங்காலத்தில் போனவை இருக்கின்றன. பெரிய தேர் ஒவ்வொன்றும் உச்சியிலுள்ள கம்பத்தோடு சேர்த்து 25 மீட்டர் வரை உயரமும் 12 டன் வரை எடையும் கொண்டது. மரச் சட்டங்களை ஆணியில்லாமல் வைக்கோல் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது சுசீந்திரம் தேரோடும் வீதியில். மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேர் தெருமுனைக்கு வரும்போது, முட்டுக்கட்டை போடுகிறவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பேன். வடம் பிடிக்கிற ஆயிரம் பேரைவிடச் சக்கரத்துக்கு அருகில் குனிந்து நிற்கிற அந்த நான்கைந்து பேரின் கண்ணும் கையும்தான் தேரைத் திருப்புகின்றன. கியோத்தோத் தேரின் சக்கரமும் நேராக மட்டுமே உருளும். அங்கே தெருமுனை வந்ததும் தேரை நிறுத்தி, பிளந்த பச்சை மூங்கில் பட்டைகளை முன்சக்கரங்களின் அடியில் வரிசையாகப் பரப்பி, வாளியால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பிறகு வடத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, தேரின் முகப்பில் நிற்பவர்கள் விசிறியை வீசிக் குரல் கொடுத்ததும், ஒரே மூச்சில் இழுக்கிறார்கள். சக்கரம் உருளாமல் ஈர மூங்கிலின்மேல் வழுக்குகிறது. மூங்கில் நொறுங்குகிற ஓசை கேட்கிறது. மேலே கம்பம் ஆடுகிறது. முழுத் திருப்பத்துக்கு மூன்று நான்கு இழுப்புகள் வேண்டும். முதல் இழுப்பிலேயே என் கைகள் தாமாக வடத்தைத் தேடின.

ஜூலை 24ஆம் தேதி இரண்டாவது தேரோட்டமும் உண்டு. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இரண்டையும் ஒரே நாளில் நடத்திவந்தவர்கள், 2014இல் பழையபடி பிரித்துவிட்டார்கள். கூட்டம் அன்றைக்குக் குறைவு. தேரை அருகில் நின்று பார்க்கலாம்.

தோவாளைப் பூக்கடை எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வெள்ளரிக் குதிரையைப் பற்றி மகளிடம் சொன்னேன். அவளுடைய இல்லத்திலும் சென்ற ஆண்டு அதைச் செய்தார்களாம். திதிக்கு வர இயலாத வருத்தத்தில், அது என்னவென்று கேட்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லையாம். இந்த ஆண்டு தாத்தாவுக்காகத் தானும் ஒன்று செய்து வைக்கப்போவதாகச் சொன்னாள்.

புத்தாண்டைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? அவளைப் பார்க்க நானும் என் கணவரும் ஒருமுறை போய்வர எண்ணியிருக்கிறோம். எந்த மாதம் ஏற்றது என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மார்த்தாண்டம் தமிழாசிரியர் எழுதியது:

அன்புச் சகோதரி, நான் ஜப்பானுக்குப் போனதில்லை. ஆனால் அந்நாட்டு மொழியியலறிஞர் சுசுமு ஓனோ அவர்களின் ஆய்வுகளை நாற்பது ஆண்டுகளாக ஈடுபாட்டோடு படித்துவருகிறேன். 1919இல் பிறந்து 2008இல் மறைந்த அவர், தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டவர். அதற்குச் சான்றாகப் பண்டிகை வழக்கங்களையும் எடுத்துக்காட்டினார்.

ஜனவரி 1இல் வருவது பெரும் புத்தாண்டு என்றால், ஜனவரி 15ஆம் தேதியை ஒட்டிச் சிறு புத்தாண்டு என்ற ஒன்று ஜப்பானியச் சிற்றூர்களில் இருக்கிறது. பழைய கணக்கில் அது ஆண்டின் முதல் பௌர்ணமி. அன்று சிவப்புப் பயறு சேர்த்து அரிசிக் கஞ்சி காய்ச்சுவார்கள். புத்தாண்டுக்கு வாசலில் வைத்த பைன், மூங்கில், வைக்கோல் அலங்காரங்களைக் குவித்துத் தீயிடுவார்கள். மரக்கிளைகளில் அரிசி மாவு உருண்டைகளைப் பூப்போலக் குத்தி, நல்ல விளைச்சலை வேண்டுவார்கள். தைப்பொங்கல் நாளும் இதையொட்டியே வருவதையும், வட ஜப்பானில் அந்த நாளில் எழுப்புகிற "ஹொங்கரா, ஹொங்கரா" என்ற கூவல் நம் "பொங்கலோ பொங்கல்" என்பதோடு ஒத்திருப்பதையும் ஓனோ சுட்டிக்காட்டினார். அதைப் படித்த நாள் எனக்கு மறக்கவில்லை.

நம் மாவட்டத்தாருக்கு அதைவிட நெருக்கமான ஒப்புமை ஒன்று எனக்குத் தோன்றுகிறது. ஆடி மாதத்தில் நம் கோயில்களில் நிறைபுத்தரிசி நடைபெறும்போது, புது நெற்கதிரைத் தலையில் சுமந்து வந்து இறைவனுக்குப் படைத்தபின், அந்தக் கதிரை வாங்கிவந்து வீட்டு நிலையில் கட்டுகிறோம். ஜப்பானியப் பேரரசர் நவம்பர் 23ஆம் தேதி இரவு அந்த ஆண்டின் புத்தரிசியைத் தெய்வங்களுக்குப் படைத்துத் தாமும் உண்கிறார். அதற்கு நீனாமேசாய் என்று பெயர். அந்த நாள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உழைப்புக்கு நன்றி கூறும் நாள் என்று பெயர் மாற்றப்பட்டு, அரசு விடுமுறையாக இன்றும் இருக்கிறது.

வேளிமலை அடிவாரம் எழுதியது:

ஐயா, சிறு புத்தாண்டைப் பற்றி நீங்கள் எழுதியவற்றில் தீயிடும் சடங்கை நானும் பார்த்திருக்கிறேன். மொழி உறவைப் பற்றி மட்டும், படிக்கிற இளைஞர்களுக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஓனோ அவர்களின் முடிவை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. நெல் விளைகிற இரண்டு நாடுகளில் புது அரிசிக்கும் தீக்கும் ஒரே மாதிரியான சடங்குகள் தனித்தனியே தோன்றுவதும் இயல்பே. நமக்கு உவப்பானது என்பதற்காக அதை முடிந்த முடிவாகச் சொல்லிவிடக் கூடாது. அவர் தமிழ்மீது கொண்டிருந்த அன்பில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

அக்கா, புத்தாண்டு அங்கே நம் தீபாவளியைப்போல ஆரவாரமானது அன்று, மிகவும் அமைதியானது. டிசம்பர் கடைசியில் வீடு முழுவதும் கழுவித் துடைப்பார்கள். 31ஆம் தேதி இரவு பக்வீட் மாவில் செய்த நீண்ட நூடுல்ஸ் உண்பார்கள். நள்ளிரவில் பௌத்தக் கோயில்களில் மணியை 108 முறை அடிப்பார்கள். மனிதனின் ஆசைகளும் மயக்கங்களும் 108 என்பது கணக்கு. எங்கள் தெருக்கோடிக் கோயிலில் வரிசையில் நின்ற எவரும் ஒருமுறை அடிக்கலாம். மரத்தடியைக் கயிற்றில் பின்னுக்கு இழுத்துவிட்டதும் எழுகிற அந்த ஒலி, குளிரில் நெடுநேரம் நிற்கும். அடுத்த மூன்று நாள்கள் சமைக்கவேண்டாதபடி முன்பே செய்து அடுக்குப் பெட்டியில் வைத்த உணவை உண்டு, ஷிந்தோ என்ற அந்நாட்டுச் சமயத்தின் கோயிலுக்கோ பௌத்தக் கோயிலுக்கோ போய்வருவார்கள். பிள்ளைகளுக்குச் சிறு உறையில் பணம் கொடுப்பார்கள். சித்திரை விஷுவுக்கு நம் வீடுகளில் தருகிற கைநீட்டம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போவதற்கு அந்தக் காலம் ஏற்றதன்று. டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை, ஏப்ரல் 29 முதல் மே 5 வரை, ஆகஸ்டு 11 முதல் 16 வரை நாடே பயணத்தில் இருக்கும். ரயிலில் இடமும் விடுதியில் அறையும் கிடைப்பது அரிது, கட்டணமும் கூடுதல். நவம்பரில் போங்கள். முட்டம் சகோதரி சொன்னபடி அப்போது உங்கள் மகளுக்கும் விடுப்புக் கேட்க எளிது. நவம்பர் 15ஐ ஒட்டிய வார இறுதிகளில் மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளைப் பட்டுக் கிமோனோ உடுத்திக் கோயிலுக்கு அழைத்து வருவார்கள். அது ஷிச்சி-கோ-சான் விழா. நீளமான மிட்டாய்ப் பை தரையில் தட்டாமல் நடக்க அந்தக் குழந்தைகள் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

உங்களை நவம்பரில் போகச் சொல்வதற்கு முதன்மையான காரணம் செவ்வந்தி. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளுக்குரிய அந்த மலரும் பீச்சைப்போலவே செப்டம்பர் 9இல் பூப்பதில்லை. தன் காலத்தில், அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை, கோயில் வளாகங்களில் கண்காட்சியாக நிற்கும். ஒரு செடியில் மூன்றே மூன்று கிளைகள் விட்டு, கிளைக்கு ஒரு பூவாகத் தேங்காய் அளவுக்கு வளர்த்திருப்பார்கள். பாறையிலிருந்து அருவி விழுவதுபோலச் சரிந்து தொங்கும்படி நூற்றுக்கணக்கில் பூக்கவைத்த செடிகளும் இருக்கும். கிலோ கணக்கில் செவ்வந்தியை நிறுத்துப் போட்ட கைகளுக்கு அது வேறொரு உலகமாகத் தெரியும்.

தோவாளைப் பிச்சிப்பூவை மகளுக்காகக் கொண்டுபோக உங்களுக்கு மனம் வரும். வேண்டாம், வெட்டிய பூவுக்குத் தாவர நலச் சான்றிதழ் இல்லையென்றால் அங்கே விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். இல்லத்துப் பாட்டிமாருக்கு அங்கேயே பூ வாங்கிக் கொடுப்பதானாலும் வெள்ளைச் செவ்வந்தியையும் மஞ்சள் செவ்வந்தியையும் தவிர்த்துவிடுங்கள். அவை கல்லறைக்கும் இறந்தவர் படத்துக்கும் வைக்கிற பூக்கள். தொட்டிச் செடியும் கூடாது. வேர்விடுதல் என்பதற்கான சொல் அவர்கள் மொழியில் படுத்த படுக்கையாதல் என்பதுபோல ஒலிப்பதால், நோயாளிகள் இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகமாட்டார்கள்.